நிறுத்திய இடத்தில் இல்லை

என் கார் மூன்றாம் தளத்திலிருந்து நான்காம் தளத்துக்கு ஏறிப் போயிருந்தது.

காலையில் அதை மூன்றாம் தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூணை ஒட்டித்தான் நிறுத்தினேன். மாலையில் வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு வண்டி சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. சாவியை அழுத்தினேன். தலைக்கு மேலே எங்கேயோ என் கார் ‘கீக்’ என்றது. படியேறிப் போனால் நான்காம் தளத்தில், இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்காமல் ஒரு கோட்டின் மேலேயே ஏறி, குடித்தவன் படுத்த மாதிரி கோணலாக நிற்கிறது. நான் ஒருநாளும் அப்படி நிறுத்துகிறவள் இல்லை.

அசதி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அது இரண்டாம் தளத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை தளம் மாறவில்லை, மூலை மாறியிருந்தது. 

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கார் நிறுத்தும் கட்டடத்தின் வரைபடத்தை வரைந்தவளே நான்தான். அதுதான் என் பிழைப்பு. எங்கள் அலுவலகத்து எஞ்சினியர் கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பார். நான் அதைச் சுவராக, தூணாக, சாய்தளமாகக் கணினியில் வரைவேன். வண்டி ஏறுவது கிழக்குப் பக்கம், இறங்குவது மேற்குப் பக்கம், ஒவ்வொரு தூணுக்கும் ஓர் எண். தரையில் இருக்கும் மஞ்சள் அம்புக்குறி ஒவ்வொன்றும் முதலில் என் திரையில்தான் பிறந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அதற்குள் நடப்பேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மற்றவர்களுக்கு இது ஒரு சிரிப்புக் கதை. எனக்கு அப்படியில்லை. என் அம்மாவுக்கு அறுபது நெருங்கும்போது மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தாள், அப்புறம் தெருவை, கடைசியில் என்னை. என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதவில்லை, அடிக்காதீர்கள் என்று அழுதாள். எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

அதனால் கார் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் நிச்சயமாக இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பல் செட் செய்கிறவர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் மேல் வரிசை, கீழ் வரிசை செய்து அனுப்புவார். நிதானமான கை, அதைவிட நிதானமான ஆள். கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். கார் ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் கார் கட்சி, அவர் பஸ் கட்சி. சாப்பாட்டு மேசையில் தினமும் சட்டசபை நடக்கும். “நீ போய்ச் சேர்ந்து, இடம் தேடி, நாலு சுத்துச் சுத்தி நிறுத்துறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சிருப்பேன்” என்பார். “யார் தோள்ல தூங்கினீங்க?” என்று நான் கேட்பேன். அத்துடன் சபை கலையும்.

மூன்றாவது முறைக்குப் பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. காரே இல்லையென்றால் அது எப்படி இடம் மாறும்?

“நாளைலேர்ந்து நானும் உங்ககூட பஸ்ல வர்றேன்” என்றேன்.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். வாய்க்குப் போன கை பாதியிலேயே நின்றது.

“எதுக்கு? கார் நல்லாத்தானே இருக்கு?”

“புகை, நெரிசல், பூமி சூடாகுது. நீங்கதானே சொல்லுவீங்க?”

“அது பொதுவாச் சொல்றது. உனக்கு முழங்கால் வலி. காலைல பஸ்ல எள்ளு போட்டா எள்ளு விழாது. நீ கார்லயே போ. காருக்கு என்ன குறைச்சல்? ஜம்முனு போகலாம், வரலாம்.”

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. இத்தனை வருஷம் பஸ் புராணம் பாடிய மனிதர் ஒரே ராத்திரியில் கட்சி தாவினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? என்னைப் பஸ்ஸில் ஏறவிடாமல் தடுக்கிறாரே, அந்தப் பஸ்ஸில் அப்படி யார் இருக்கிறார்? மறதிக் கவலை ஒரு பக்கம் இருக்க, இது ஒன்று புதிதாக முளைத்தது. அன்று உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னார். மனசு சரியில்லாவிட்டால் யார் கைக்கும் அப்படித்தான் ஆகும்.

மறுநாள் விடாப்பிடியாக அவருடன் பஸ் ஏறினேன். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று போலீஸ்காரியைப் போல நோட்டம் விட்டேன். தூங்கி வழிகிற மாணவர்கள், மடியில் பையை வைத்த இரண்டு நர்ஸ்கள், ஜன்னலில் தலை முட்டிக்கொண்டே வந்த ஒரு பெரியவர். சந்தேகப்படும்படி ஒருவரும் இல்லை. டிரைவர் மட்டும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். புதர் மாதிரி மீசை. என்னைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் மெல்லத் தலையை ஆட்டினார். டிரைவர் சட்டென்று பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அவர் இறங்கும் இடம் முதலில் வரும். இறங்குவதற்கு முன்னால், “நீ மணிக்கூண்டுக்கு எதிர்ல இறங்கணும். மணிக்கூண்டு, தெரியுதா?” என்று இரண்டு தடவை சொன்னார்.

“நான் என்ன பச்சக் குழந்தையா?” என்று சீறினேன்.

கூட்டத்தில் மணிக்கூண்டு மறைந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆள்கள் அப்படிச் சுவர் மாதிரி நின்றால் மணிக்கூண்டு என்ன, மலையே மறையும். பஸ் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றபோது டிரைவர் திரும்பி, “தங்கச்சி, உங்க ஸ்டாப் போயிருச்சே. நான் குரல் கொடுத்தேனே, நீங்க என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தீங்க” என்றார்.

“என் ஸ்டாப் எதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“சார்தான் சொன்னார், பார்த்து இறக்கி விடச் சொல்லி” என்றவர், சொல்லக்கூடாததைச் சொன்ன மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் குரல் கொடுத்தது எனக்குக் கேட்கவில்லை. வெயிலில் திரும்பி நடந்து, தாமதமாக அலுவலகம் போனேன். அன்றைக்கென்று எஞ்சினியர் என் மேசைக்கு வந்து, “மேடம், இந்த மாடிப்படிக் கதவு மறுபடியும் சுவரைப் பார்த்துத் திறக்குது பாருங்க. போன வாரமே சொன்னேனே” என்றார். திருத்திவிட்டேனே என்றேன். திருத்திய நினைவு தெளிவாக இருந்தது. திரையில் கதவு சுவரைப் பார்த்துத்தான் திறந்தது. கணினி பழசு, சேமித்ததை விழுங்கிவிடுகிறது என்று கணினியைத் திட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மதியம் அக்காவுக்குப் போன் செய்து இந்தப் பஸ் கூத்தைச் சொன்னபோது, “காலைலயே சொல்லிட்டியேடி” என்றாள். அவளுக்கு எப்போதும் என் பேச்சில் பாதிக் காது.

அன்று மாலை ஒரு முடிவுக்கு வந்தேன். பாம்பா கயிறா என்று பார்த்துவிட வேண்டியதுதான். பயந்துகொண்டே எத்தனை நாள் இருப்பது?

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரரின் முகத்தில் என்ன மலர்ச்சி என்கிறீர்கள்! வாசல் வரை வந்து கையசைத்து வழியனுப்பினார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் தளத்தில் நிறுத்தினேன். செல்போனை எடுத்து, தூண் எண்ணும் காரும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். நம்பிக்கை போதாமல் இன்னொன்று. மனசு பொய் சொல்லலாம், படம் சொல்லாது. மதிய இடைவேளையில் மேசையிலிருந்து நழுவிப் போய்ப் பார்த்தேன்.

படத்தில் என் கார் நிற்கிறது. நேரில் ஒரு வேன் நிற்கிறது.

தூண் எண் அதேதான். மூன்று முறை சரிபார்த்தேன். என் மூளை கழன்று போகவில்லை! நான் நிறுத்திய இடம் இதுதான், கார்தான் போயிருக்கிறது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கார் திருடு போனதற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். காவலாளியைக் கூப்பிட ஓடப்போனேன். அப்போது கிழக்குச் சாய்தளத்தில் ஒரு வண்டி முக்கி முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

என் கார்தான். ஆனால் முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு ஒட்டியிருந்தது. என் காரில் ஏது எல் போர்டு? ஒரு கணம் மறுபடி எல்லாம் குழம்பியது. வண்டி மூன்றாம் தளத்தில் இடமில்லாமல் நான்காம் தளத்துக்கு ஏறியது. நானும் படியில் மூச்சிரைக்க ஏறி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஓட்டிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை, விட்டால் பறந்துவிடும் என்பது போலப் பிடித்திருந்தார். பக்கத்தில் புதர் மீசை, பஸ் டிரைவர்.

“ஒடிங்க சார், ஒடிங்க. போதும், போதும்! இது பஸ் இல்ல சார், இவ்வளவு அகலமா வளைக்காதீங்க. உங்களுக்குப் பின்னால நாப்பது சீட்டு கிடையாது.”

கார் முன்னால் போனது, பின்னால் வந்தது, இருமியது, நின்றது. மறுபடி புறப்பட்டு, ஒரு கோட்டின் மேலேறிக் கோணலாக ஓய்ந்தது. டிரைவர் இறங்கி எல் போர்டை உரிக்க ஆரம்பித்தார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

டிரைவர் என்னைப் பார்த்து, “ஐயையோ” என்றார். அவ்வளவு நேர்மையான ஓர் ‘ஐயையோ’வை நான் கேட்டதில்லை. “தங்கச்சி, சார் நல்லா ஓட்டுறார். என்ன, பஸ் ஸ்டாப்பைப் பார்த்தா நிறுத்திடுறார். எனக்கு ட்ரிப்புக்கு நேரமாச்சு, வர்றேன்” என்று எல் போர்டைக் கையில் வைத்துக்கொண்டே படியில் இறங்கி மறைந்தார்.

நான் அவர் எழுந்த சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். உள்ளே ஒரே வேர்வை வாடை.

“அஞ்சுல வளையாதது ஐம்பத்தேழுல வளையுதாக்கும்? எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“கொஞ்ச நாளா. வீட்டுல இருக்கற இன்னொரு சாவியை எடுத்துக்கிட்டேன்” என்றார், இன்னும் ஸ்டியரிங்கை விடாமல். “அவருக்கு மத்தியானம் ஓய்வு நேரம். எனக்கும் சாப்பாட்டு நேரம். நீ எங்க நிறுத்தியிருக்கேன்னு பார்த்துக்கிட்டுத்தான் எடுப்பேன். திரும்பி வர்றதுக்குள்ள அந்த இடத்துல வேற எவனாவது நுழைஞ்சிடுறான். நீ பஸ்ல வந்துட்டா எனக்குப் பழக வண்டி ஏது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? இங்க நான் அம்மா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன்!”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்போ கார் இடம் மாறினது உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? ஒவ்வொரு தடவையும் தெரியும். வெளில சொல்லப் பயந்துகிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“முதல் தடவை மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். நீ வந்து ஒண்ணுமே கேக்கல. மறு தடவையும் கேக்கல. இவளுக்கு இடம் மாறினதே தெரியலையேன்னு...” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பயந்து மறைக்க, மறைத்ததைப் பார்த்து அவர் பயப்பட, நல்ல ஜோடி! இரண்டு பேரும் ஒரே காருக்குள் எதிரெதிர்ப் பக்கமாக ஓடியிருக்கிறோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார். அங்கேயே நானும் நிறுத்தியிருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“அது சரி, கார் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவர், திடீர்னு எதுக்கு ஓட்டக் கத்துக்கறீங்க?”

அவர் முன்கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“சொன்னா நீ ஏன்னு கேப்பியேன்னுதான் உன்கிட்ட சொல்லல” என்றார். “ஒரு ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுலேர்ந்து வந்துக்கிட்டு இருந்தோம். நீதான் ஓட்டின. நம்ம தெரு முனைக்கு வந்ததும் காரை நிறுத்திட்டு என்கிட்ட கேட்ட, இடதா வலதான்னு.”

“விளையாட்டுக்குக் கேட்டிருப்பேன்.”

“நானும் அப்படி நெனச்சுத்தான் சிரிச்சேன். நீ சிரிக்கல.”

நினைவைத் துழாவினேன். அக்கா வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. அவள் புதிதாகப் போட்டிருந்த பச்சைத் திரைச்சீலை நினைவிருக்கிறது, அது நன்றாக இல்லை என்று நான் சொன்னது கூட. திரும்பி வந்த வழி இல்லை. தெரு முனை இல்லை. வரைபடத்தில் ஒரு பகுதியை அழிப்பானால் துடைத்த மாதிரி, அந்த இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. கதவு, உப்பு, மணிக்கூண்டு, அக்காவின் பாதிக் காது எல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. கணினியைத் திட்டினேன், கூட்டத்தைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. கார் மாடி ஏறியபோது வந்த பயம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

“டாக்டரைப் போய்ப் பார்த்தேன்” என்றார் அவர். “ஊருக்கு வெளில ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். மறதிக்குன்னே தனியாப் பார்க்கிறாங்க. ஆரம்பத்துலயே போனா நல்லதாம். ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாமாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அங்க பஸ் போகாது.”

“அதுக்கு நீங்க எதுக்கு இந்தப் பாடுபடணும்? நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்.”

“போறப்ப நீ ஓட்டுவ” என்றார். “திரும்பி வர்றப்ப?”

 கீழ்த்தளத்தில் யாரோ தன் வண்டியைத் தேடிச் சாவியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

மாலையில் அவர் என் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். நான் சாவியை நீட்டினேன். பஸ் கட்சிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் திருத்தி, சீட்டைத் திருத்தி, மறுபடி கண்ணாடியைத் திருத்தி வண்டியை எடுத்தார். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். சைக்கிளில் போன ஒருவர் கூட. மணிக்கூண்டு வந்தது, இந்த முறை ஒருவரும் மறைக்கவில்லை. அதைக் கடந்ததும் அவருடைய கால் தானாக பிரேக்கைத் தொட, நிறுத்தத்தில் காத்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டார். “நீங்க போங்க, அவர் அடுத்த பஸ்ல வருவார்” என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு.

எங்கள் தெரு முனை வந்தது. அவர் நிறுத்தினார். இண்டிகேட்டரைப் போடப் போய் வைப்பரைப் போட்டுவிட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று இழுத்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“எந்தப் பக்கம்?” என்றார்.

பதற்றத்தில் கேட்டாரா, என்னைச் சோதித்துப் பார்க்கிறாரா, தெரியவில்லை. அவர் முகம் முழுக்க வேர்வை.

“இடது” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

அவர் இடது பக்கம் வளைத்தார், பின்னால் நாற்பது சீட்டு இருப்பது போல அகலமாக. எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு வருமே, அப்படி ஓர் அழுகை எனக்கு வந்தது. அவர் வாசலுக்கு முன்னால் வண்டியைக் கோணலாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதன்முறையாக ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“அடுத்த வாரம் போறப்ப நான்தான் ஓட்டுவேன்” என்றேன். “வர்றப்ப நீங்க ஓட்டுங்க. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, ஒண்ணுமில்லைன்னு சொன்னாலும் சரி.”

“ஓட்டுறேன். ஆனா வழி நீதான் சொல்லணும். எனக்கு பஸ் போற வழி மட்டும்தான் தெரியும்.”

அவருடைய வேர்த்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரியற வரைக்கும் சொல்றேன்” என்றேன்.